அமெரிக்காவில் படித்துக்கொண்டே ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு நிதி திரட்ட: புதிதாக வரும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் நம் மாணவர்களில் பலருக்கு முதல் செமஸ்டர் முடிவதற்குள் ஓர் எண்ணம் வந்துவிடுகிறது: ஊரில் படிக்க வழியில்லாத பிள்ளைகளுக்கு இங்கிருந்து ஏதாவது செய்ய வேண்டும். நாலு பேர் சேர்ந்து பேசுகிறார்கள், வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள், அடுத்த வாரமே தோசை விற்கக் கிளம்புகிறார்கள். அந்த ஆர்வத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் இந்த வேலையைத் தொடங்க வேண்டிய இடம் வேறு.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகலைப் படிப்பு இரண்டு வருடம். இன்று ஒன்றாம் வகுப்பில் உட்காரும் பிள்ளை பத்தாவது முடிக்கப் பத்து வருடம் ஆகும். நீங்கள் பட்டம் வாங்கி வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகும் பணம் போய்ச்சேர வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

தனியாகத் தொடங்காதீர்கள், சேருங்கள்

இது மாணவர்கள் தொடங்கிய வேலைதான். 1991-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சில இந்திய மாணவர்கள் சேர்ந்து ‘ஆஷா ஃபார் எஜுகேஷன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான சந்தீப் பாண்டே பிறகு இந்தியா திரும்பி, 2002-இல் மகசேசே விருது பெற்றார். அதே 1991-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ‘எய்ட்’ எனப்படும் ‘அசோசியேஷன் ஃபார் இண்டியாஸ் டெவலப்மென்ட்’ தொடங்கியது. இரண்டுமே தன்னார்வலர்களை நம்பி, பல ஊர்களில் கிளைகளாக இயங்குகின்றன. உங்கள் வளாகத்திலோ பக்கத்து ஊரிலோ ஒரு கிளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஏன் சேரச் சொல்கிறேன் என்றால், நன்கொடை கொடுப்பவருக்கு வரிவிலக்கு கிடைக்க வேண்டுமானால் வாங்கும் அமைப்புக்கு 501(சி)(3) எனப்படும் தொண்டு அமைப்புத் தகுதி இருக்க வேண்டும். அதற்கு 1023 என்ற படிவம், கட்டணம், இயக்குநர் குழு, அப்புறம் வருடா வருடம் 990 வகைப் படிவம். பல மாநிலங்களில் பொதுமக்களிடம் நன்கொடை கேட்பதற்கே தனிப்பதிவு வேண்டும். தேர்வுக்கும் ஆய்வுக்கும் நடுவே இதையெல்லாம் இழுத்துப்போட்டுக்கொண்டால் பிள்ளைகளைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது. இருக்கும் அமைப்பின் கிளையாகச் சேர்ந்தால் இந்தச் சுமை குறையும். ஓர் அமைப்புக்கு அந்தத் தகுதி உண்மையிலேயே இருக்கிறதா என்பதை அமெரிக்க வருமான வரித்துறையின் தளத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

கிளை இல்லாத ஊர் என்றால், வளாகத்தில் மாணவர் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, பணத்தை மட்டும் அப்படிப்பட்ட அமைப்பின் வழியாக அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். பதிவு செய்த சங்கத்துக்குக் கூட்ட அறை பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். யாராவது ஒருவருடைய சொந்தக் கணக்கில் பணம் சேர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி.

பணத்துக்கு முன்னால் பள்ளி

எந்தப் பிள்ளைகளுக்கு, எந்த ஊரில், எதற்காக என்பது முடிவாகாமல் ஒரு டாலர்கூடக் கேட்காதீர்கள். ‘ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக’ என்று பொதுவாகக் கேட்டால் ஒருமுறை கொடுப்பார்கள். மறுமுறை கொடுக்க வேண்டுமானால், போன பணம் என்ன செய்தது என்று நீங்கள் சொல்ல முடிய வேண்டும்.

தேடும்போது முதல் கேள்வி: அரசு ஏற்கெனவே என்ன கொடுக்கிறது? கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு, பாடப்புத்தகம், நோட்டு, பை, சீருடை, பஸ் பாஸ் எல்லாம் அரசே தருகிறது. 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கியது. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இது தெரியாமல் அமெரிக்காவிலிருந்து நோட்டும் பையும் வாங்கப் பணம் அனுப்பினால், அந்தப் பிள்ளையிடம் இரண்டு பை இருக்கும், அவ்வளவுதான்.

இடைவெளி இருப்பது வேறு இடங்களில். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு மாலையில் சந்தேகம் கேட்க ஆளில்லை. செங்கல் சூளை வேலைக்காகப் பெற்றோருடன் வருடத்தில் பாதி நாள் இடம் மாறும் பிள்ளைக்கு எந்தப் பள்ளியிலும் தொடர்ச்சி இல்லை. சென்னையைச் சுற்றியுள்ள சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மொழியும் புதிது. இருளர் குடியிருப்புகளில் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாத பிள்ளைகள் உண்டு. மலைக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கப் பல கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. காத்திருந்து சொல்லிக்கொடுக்கும் ஓர் அக்கா, சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு அலையும் ஓர் ஆள், மழைக்காலத்திலும் வரும் ஒரு வேன். இவற்றுக்குத்தான் பணம் தேவைப்படுகிறது. பெரும்பாலும் சம்பளமாகத்தான் தேவைப்படுகிறது. ‘சம்பளத்துக்குத் தர மாட்டேன், பொருளாக வாங்கித் தருகிறேன்’ என்று சில நன்கொடையாளர்கள் சொல்வார்கள். நீங்கள் தயங்காமல் விளக்க வேண்டிய இடம் இது. படிப்பு என்பது ஆள் வந்து நடத்தும் வேலை.

உள்ளூரில் இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் அமைப்பைத் தேடுங்கள். அவர்களுடன் போனில் ஒரு மணி நேரம் பேசுங்கள். பிள்ளைகள் எத்தனை பேர், போன வருடம் எத்தனை பேர், நின்றுபோனவர்கள் ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள். ஆசிரியர் எந்த ஊர்க்காரர்? அவர் எத்தனை வருடமாக இருக்கிறார்? பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு இவர்களைத் தெரியுமா? நாங்கள் நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் நிறையச் சொல்லும். நின்றுபோன பிள்ளைகளைப் பெயர் சொல்லி நினைவு வைத்திருப்பவர்களை நம்பலாம் என்பது என் அனுபவம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்பவர்களிடம் இன்னும் கொஞ்சம் விசாரியுங்கள்.

பட்ஜெட்டை வரி வரியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு குடியிருப்பில் 30 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதாக ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஆசிரியர்களுக்கு மாதம் ஆளுக்கு 8,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,92,000. பிள்ளைக்கு ஒரு நாள் சுண்டலுக்கு 10 ரூபாய், மாதம் 22 நாள், 11 மாதம்: 72,600. வாடகையும் மின்கட்டணமும் மாதம் 1,500 வீதம் 18,000. புத்தகம், சாக்பீஸ், படம் வரையும் தாள் 15,000. மொத்தம் 2,97,600 ரூபாய். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 3,500 டாலர்; மாதம் 300 டாலருக்குள்.

இந்தக் கணக்கில் எங்கே கைவைக்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவது சுண்டல்தான். பள்ளி விட்டு நாலரை மணிக்குப் பசியோடு வரும் பிள்ளை ஆறரை வரை உட்காருவதற்கு அந்தச் சுண்டல் ஒரு காரணம். அதை வெட்டினால் வருகை குறையும், பிறகு ஆசிரியர் சம்பளமும் வீண். இன்னொன்று, உள்ளூர் அமைப்புக்கு வாக்குக் கொடுக்கும்போது ரூபாயில் கொடுங்கள். டாலர் விலை ஏறி இறங்குவதை நீங்கள் தாங்கிக்கொள்ளலாம், ஆசிரியரின் வீட்டு வாடகை தாங்காது.

எஃப்சிஆர்ஏ: தெரியாமல் தொடாதீர்கள்

வெளிநாட்டுப் பணம் இந்தியத் தொண்டு நிறுவனத்துக்குப் போவதை ஆள்வது எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010. 2020-இல் வந்த திருத்தம் விதிகளை இன்னும் இறுக்கியது. உங்களுக்குத் தேவையானவை இவை.

நீங்கள் பணம் அனுப்பும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருக்க வேண்டும். பதிவு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் குறிப்பிட்ட ஒரு தொகைக்கு உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் அந்த அமைப்பின் பெயரில் உள்ள எஃப்சிஆர்ஏ கணக்கு. விழுப்புரத்தில் இருக்கும் அமைப்பாக இருந்தாலும் இதேதான். உள்ளூர் வங்கிக் கணக்கு எண்ணை யாராவது கொடுத்து ‘இதிலேயே போட்டுவிடுங்கள்’ என்றால் போடாதீர்கள். சிக்கலில் மாட்டுவது அவர்கள்தான்.

பதிவு பெற்ற ஒரு பெரிய அமைப்புக்கு அனுப்பி, அவர்கள் வழியாகச் சின்ன அமைப்புக்குக் கொடுக்கச் சொல்லலாமே என்று தோன்றும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு வழியில்லை. வாங்கியவரேதான் செலவழிக்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50 வரை விட்டிருந்தார்கள். பள்ளி ஆசிரியர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது என்பது நல்ல செய்தி.

பதிவு இருக்கிறதா என்று பார்க்க, பதிவுச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அமைப்பின் வருடாந்திரக் கணக்கான எஃப்சி-4 படிவத்தையும் கேளுங்கள். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். கேட்டதும் அனுப்புகிறவர்கள் கணக்கை ஒழுங்காக வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு இருக்கும் வருத்தம், நல்ல வேலை செய்யும் சின்னக் குழுக்கள் பலவற்றுக்கு இந்தப் பதிவு கிடைப்பதில்லை. மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு குக்கிராமத்து இளைஞர் மன்றத்துக்கு எட்டாத தூரம். அவர்களுக்கு உதவ ஒரு வழி உண்டு. இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் இருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நீங்கள் உங்கள் பணத்தை நேரடியாகக் கொடுக்கலாம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அங்கிளும் ஆண்ட்டியும் கொடுப்பது அப்படி ஆகாது, அவர்களிடம் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும். அவர்களிடமும் மற்றவர்களிடமும் திரட்டிய பணத்தை உங்கள் பெயரில் அனுப்புவதும் ஆகாது. சந்தேகம் வந்தால் எஃப்சிஆர்ஏ பார்க்கும் ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

இப்போது பணம்

மேலே போட்ட மாலை வகுப்புக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வருடம் 3,500 டாலர்.

தோசை விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 150 தட்டு, தட்டு 8 டாலர், வரவு 1,200. மாவு, மசாலா, காகிதத் தட்டு, அனுமதிக் கட்டணம் எல்லாம் 450 போனால் மிச்சம் 750. முப்பது பேர் ஒரு வார இறுதி முழுக்க உழைத்தது இரண்டரை மாதச் செலவுக்குத்தான் வருகிறது. மாறாக, மாதம் 20 டாலர் தானாகக் கழியும்படி 15 பேர் எழுதிக் கொடுத்தால் வருடத்துக்கு 3,600 வந்துவிடும். அவர்களில் பெரிய நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் இருந்தால் இன்னும் எளிது. மைக்ரோசாஃப்ட், கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாகத் தாங்களும் கொடுக்கின்றன; இதைத்தான் ‘மேட்சிங்’ என்கிறார்கள். அப்படி எட்டுப் பேர் கிடைத்தால் வகுப்பின் வருடச் செலவு முழுதும் வந்து மிச்சமும் இருக்கும்.

தோசை வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்பனை நடத்துவது ஆள் சேர்க்க. வரிசையில் நிற்கும் ஐம்பது பேரில் ஐந்து பேர் அடுத்த வாரக் கூட்டத்துக்கு வருவார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆஷா தன்னார்வலர்கள் நடத்தும் ஹோலிக்குப் பெருங்கூட்டம் வருகிறது. ஆஷாவின் மாரத்தான் குழுக்களில் ஓடப் பழகுகிறவர்கள் தங்கள் நண்பர்களிடம் நிதி கேட்டு ஓடுகிறார்கள். இவையெல்லாம் வருடக்கணக்கில் வளர்ந்தவை. உங்கள் முதல் வருடத்தில் ஒரு சின்ன விற்பனை, ஒரு நன்கொடை முயற்சி போதும்.

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஆனால் திட்டமாகக் கேளுங்கள். எங்கள் வளாகத்தில் பழைய மாணவர்களுக்கு அனுப்பும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘வணக்கம் அண்ணா. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு இருளர் குடியிருப்பில் நடக்கிற மாலை வகுப்புக்கு நிதி சேர்க்கிறோம். முப்பது பிள்ளைங்க, மாசம் 300 டாலர் செலவு. ஒரு வருஷத்துக்கு மாசம் 20 டாலர் உங்களால கொடுக்க முடியுமா? உங்க கம்பெனியில மேட்சிங் இருந்தா அந்தப் படிவத்தை நானே கூட இருந்து போட்டுத் தர்றேன். இப்ப முடியலைன்னா பரவாயில்லை அண்ணா, ஆறு மாசம் கழிச்சுக் கேக்கறேன்.’

மேட்சிங் படிவத்தைப் பற்றிய அந்த ஒரு வரி முக்கியம். ‘அப்புறம் போடலாம்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள்; நிறுவனம் தரத் தயாராக இருக்கும் பணம் யாருக்கும் போகாமல் நின்றுவிடுகிறது. கேட்க நல்ல காலம் நன்றியறிதல் நாள் முடிந்து வரும் செவ்வாய்க்கிழமை, அதாவது ‘கிவிங் டியூஸ்டே’ தொடங்கி டிசம்பர் 31 வரை. வரிக்கணக்கு அன்றோடு முடிகிறது என்பதால் கொடுக்க நினைப்பவர்கள் அப்போதுதான் கொடுப்பார்கள்.

சில்லறை விஷயங்களில் கவனம் தேவைப்படுபவை: கார்டு கட்டணம் வழக்கமாக 2.9 சதவீதமும் அதோடு 30 சென்ட்டும். 100 டாலரில் 3 டாலர் 20 சென்ட் போகும், பரவாயில்லை. 5 டாலரில் ஏறக்குறைய 45 சென்ட் போகும். ஆகவே மாதா மாதம் 5 டாலர் தருபவரிடம் வருடத்துக்கு ஒருமுறை 60 டாலராகக் கேளுங்கள். 250 டாலரோ அதற்கு மேலோ ஒரே முறையில் கொடுத்தவருக்கு எழுத்தில் ரசீது போக வேண்டும், இல்லாவிட்டால் வரிக்கழிவு கேட்க முடியாது. விருந்துக்கு 100 டாலர் டிக்கெட் விற்று 30 டாலர் சாப்பாடு போட்டால், நன்கொடை 70 தான். 75 டாலருக்கு மேற்பட்ட டிக்கெட்டில் இதைக் கொடுப்பவருக்கு எழுத்தில் சொல்வது சட்டக் கடமை. குலுக்கல் டிக்கெட் விற்க யாராவது யோசனை சொன்னால் மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். கலிஃபோர்னியாவில் அட்டர்னி ஜெனரலிடம் பதிவு செய்யாமல் தொண்டு அமைப்புகூடக் குலுக்கல் நடத்த முடியாது. வீட்டில் சமைத்ததை வளாகத்தில் விற்கப் பல பல்கலைக்கழகங்கள் விடுவதில்லை, கவுன்டி சுகாதாரத் துறையின் தற்காலிக அனுமதியும் தேவைப்படலாம். ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர்கள் சம்பளமில்லாத தொண்டு வேலையில் ஈடுபடலாம். ஆனால் வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் பதவியை இலவசமாகச் செய்வது சிக்கல். எந்தப் பொறுப்பையும் ஏற்பதற்கு முன்னால் உங்கள் வளாகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் போட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் படமும் பெயரும்

நோட்டீஸில் ஒரு பிள்ளையின் அழுத முகத்தைப் போட்டால் பணம் சற்றுக் கூடுதலாக வரலாம். போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளை கல்லூரிக்குப் போகும். அதன் படம் இணையத்தில் அப்படியே இருக்கும். பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் படமும் வேண்டாம். சம்மதித்தாலும் பெயர், ஊர், முகம் மூன்றையும் சேர்த்துப் போட வேண்டாம். வகுப்பறைச் சுவரில் அவர்கள் ஒட்டிய ஓவியம், ஆசிரியர் எழுதிய ஒரு பத்தி, வருகைப் பதிவேட்டின் மாத எண்ணிக்கை போதும். நன்கொடையாளர்களில் அக்கறையுள்ளவர்கள் இதைத்தான் விரும்பிப் படிக்கிறார்கள். ஒரு நன்கொடையாளருக்கு ஒரு பிள்ளை என்று பிரித்துக் கொடுக்கும் முறையையும் நான் ஏற்கவில்லை. பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்கு யாரும் கிடைக்காவிட்டால் என்ன சொல்வது?

பணம் போன பிறகு

ஒவ்வொரு திட்டத்துக்கும் உங்களில் ஒருவர் பொறுப்பாளர். அவர் மாதம் ஒருமுறை ஆசிரியருடன் போனில் பேச வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செலவுக் கணக்கு வாங்க வேண்டும், வாங்கியதைக் கிளைக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். பேசும்போது தமிழில் பேசுங்கள். ஆங்கில அறிக்கை கேட்டு வாங்கினால் ஆசிரியர் எழுத மாட்டார், அமைப்பின் அலுவலகத்தில் யாரோ எழுதுவார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது அதில் இருக்காது. இந்த விஷயத்தில் தமிழ் மாணவர்களுக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர் ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். போவதற்கு முன் சொல்லிவிடுங்கள்: மாலை, பொன்னாடை, வரவேற்பு நடனம் எதுவும் வேண்டாம். வகுப்பு நடக்கும் நேரத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பதிவேட்டில் உள்ள பெயர்களும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் பொருந்துகிறார்களா பாருங்கள். ஒரு பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அம்மாக்கள் கூட்டிப்போக வரும் நேரத்தில் அவர்களிடம் பேசுங்கள். உண்மை நிலவரம் அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுடன் தனியாக இருக்காதீர்கள், உள்ளூர் ஆசிரியர் எப்போதும் கூட இருக்கட்டும். இரண்டு வாரம் தங்கிப் பாடம் நடத்திவிட்டு வருகிறேன் என்ற யோசனையைக் கைவிடுங்கள். அந்தப் பயணச் செலவு ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம்.

கைமாற்றிக் கொடுப்பது

மே மாதம் பட்டமளிப்பு. பொருளாளர் வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். கிளைகள் தடுமாறுவது அந்தக் கோடையில்தான்: ஜூலையில் போக வேண்டிய பணம் அக்டோபரில் போகிறது, நடுவில் மூன்று மாதம் ஆசிரியருக்குச் சம்பளமில்லை.

பிப்ரவரியிலேயே அடுத்த பொருளாளரைத் தேர்ந்தெடுத்து, மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் பழையவரும் புதியவரும் சேர்ந்து வேலை பார்க்கட்டும். வங்கிக் கணக்கில் எப்போதும் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும்; கடவுச்சொற்கள் சங்கத்தின் பொது மின்னஞ்சலில் இருக்கட்டும், தனி ஆளின் போனில் வேண்டாம். திட்டப் பொறுப்பாளராக முடிந்தவரை முனைவர் பட்ட மாணவர்களைப் போடுங்கள், அவர்கள்தான் ஐந்து வருடமாவது அதே ஊரில் இருப்பார்கள். கையில் ஆறு மாதச் செலவுக்கான பணம் எப்போதும் இருக்கும் நிலை வரும்வரை இரண்டாவது பள்ளிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கோடைக்கு முன்பே ஜூலைப் பணத்தை அனுப்பிவிடுங்கள். புதிய பொறுப்பாளரை ஆசிரியருடன் போனில் பேசவைத்து, பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டு, அப்புறம் கிளம்புங்கள். வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வந்ததும் உங்கள் பெயரில் மாதம் 20 டாலரும் மேட்சிங் படிவமும் போய்ச்சேரட்டும்.